மாஸ் விமானத்தில் ஏறலாமா? ஒரு விபத்துப் பட்டியலைப் படிக்கும் விதம்

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அம்மாவையும் அத்தையையும் சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்ப மாஸ் என்று நாம் சொல்லும் மலேசிய ஏர்லைன்ஸில் டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறார். அத்தை மறுக்கிறாராம். "ஒன்னு கடலுக்குள்ள போச்சு, ஒன்ன சுட்டே போட்டானுங்க, அந்தக் கம்பெனிக்கே ராசி இல்ல" என்கிறாராம். மாஸ் விமானங்களுக்கு இதுவரை என்னென்ன விபத்து நடந்திருக்கிறது, மற்ற நிறுவனங்களைவிட அது ஆபத்தானதா என்பது அவர் கேள்வி.

தாராளமாக அனுப்புங்கள் தம்பி. நான் விமானப் பராமரிப்புப் பொறியாளராக, கோலாலம்பூரின் பழைய விமான நிலையமான சுபாங் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் குடும்பமும் அதில்தான் ஊருக்குப் போய் வருகிறது. ஆனால் "தாராளமாக" என்ற ஒரு சொல்லுக்கு அத்தை மசிய மாட்டார் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்து, 1972 அக்டோபரில் மாஸ் தனியாகப் பறக்கத் தொடங்கியது. 1987-இல் மலேசிய ஏர்லைன்ஸ் என்று பெயர் மாற்றினாலும் நம் ஆட்கள் வாயில் இன்னும் மாஸ்தான். அன்றிலிருந்து உயிர்ச்சேதம் ஏற்பட்ட பெரிய விபத்துகள் நான்கு: 1977-இல் தஞ்சோங் குப்பாங்கில் 100 பேர், 1995-இல் சபா தாவாவில் 34 பேர், 2014 மார்ச்சில் எம்எச்370-இல் 239 பேர், அதே ஆண்டு ஜூலையில் எம்எச்17-இல் 298 பேர். கூட்டினால் 671. இது தவிர துணை நிறுவனமான மாஸ்விங்ஸின் ட்வின் ஓட்டர் ரகச் சிறிய விமானம் ஒன்று 2013 அக்டோபரில் சபா கூடாட்டில் ஒரு வீட்டின்மேல் மோதி இருவர் இறந்தார்கள்.

இந்த 671-இல் 637 பேர் மூன்றே விமானங்களில் போனவர்கள். ஒன்று கடத்தப்பட்டது, ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது, ஒன்று காணாமல் போனது. ஒரு நிறுவனம் விமானத்தை எப்படி ஓட்டுகிறது, எப்படிப் பராமரிக்கிறது என்பதைப் பற்றி இந்த மூன்றும் மிகக் குறைவாகவே சொல்கின்றன. அதைச் சொல்பவை சாவு எண்ணிக்கை குறைந்தவை, சாவே நேராதவை. அவற்றைப் பற்றி யாரும் கோப்பிக் கடையில் பேசுவதில்லை. எனக்கு அவைதான் முக்கியம். ஆனால் அத்தையின் பயம் 2014-இல் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எம்எச்370, போயிங் 777 ரகம். 2014 மார்ச் 8, சனிக்கிழமை பின்னிரவு 12.42-க்கு கோலாலம்பூரின் இன்றைய பெரிய விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பியது. 1.19-க்கு விமானி அறையிலிருந்து கடைசிப் பேச்சு. இரண்டு நிமிடத்தில், மலேசிய வான்பரப்பு முடிந்து வியட்நாம் வான்பரப்பு தொடங்கும் இடத்தில், விமானம் எது என்று ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் சைகை நின்றது. விமானம் திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, உங்கள் பினாங்குத் தீவின் தெற்குப் பக்கமாக வளைந்து மலாக்கா நீரிணைக்குள் போயிருக்கிறது. துணை விமானியின் கைப்பேசியை 1.52-க்கு பினாங்கின் பண்டார் பாரு ஃபார்லிமில் உள்ள கைப்பேசிக் கோபுரம் ஒரு கணம் பிடித்தது. அந்தக் கோபுரத்தடியில் குடியிருப்பவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்த நேரம். 2.22-க்கு ராணுவ ரேடாரிலிருந்தும் மறைந்தது. அதன்பின் காலை 8.19 வரை ஒரு செயற்கைக்கோளோடு மட்டும் அவ்வப்போது தானியங்கித் தொடர்பு. அந்தச் சைகைகளை வைத்துத்தான் அது தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று கணித்தார்கள். 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் இறக்கையின் ஒரு பகுதி கரை ஒதுங்கியது. ஆஸ்திரேலியா முன்னின்று 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைச் சலித்தும் விமானம் கிடைக்கவில்லை. பிறகு ஓஷன் இன்ஃபினிட்டி என்ற தனியார் நிறுவனம் இறங்கியது. 2025 மார்ச்சில், கண்டுபிடித்தால்தான் பணம் என்ற நிபந்தனையில், 7 கோடி அமெரிக்க டாலருக்கு நம் அரசாங்கம் அதே நிறுவனத்தோடு மீண்டும் ஒப்பந்தம் போட்டது.

2018 ஜூலையில் வந்த இறுதி அறிக்கை, காணாமல் போனதன் உண்மையான காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றே சொன்னது. விமானம் திரும்பியது தானியங்கி முறையில் அல்ல, கையால் ஓட்டித்தான் என்றது. மூன்றாம் ஆள் தலையீட்டையும் ஒதுக்கிவிட முடியாது என்றது. அதற்கு மேல் கேப்டனைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் சுற்றும் கதைகளை நான் தொடுவதில்லை. விமானம் கிடைக்காமல் எந்தக் கதையையும் சோதித்துப் பார்க்க வழியில்லை.

ஆனால் அந்த விவகாரத்தில் நிறுவனத்தின் கணக்கில் வைக்கவேண்டியவை இரண்டு உண்டு. அன்றிரவு விமானம் எங்கே என்று வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டினர் கேட்டபோது, மாஸின் செயல்பாட்டு அறை அது கம்போடிய வான்பரப்பில் பறப்பதாகச் சொன்னது. திரையில் அவர்கள் பார்த்தது விமானம் இந்நேரம் எங்கே இருக்கவேண்டும் என்ற ஊகக் கணக்கை, விமானத்தை அல்ல. தேடலின் முதல் மணி நேரங்கள் அதில் கரைந்தன. இன்னொன்று, கறுப்புப் பெட்டிகளில் ஒன்றான பறத்தல் தரவுப் பதிவுக் கருவியோடு இணைந்த நீரடிச் சைகைக் கருவியின் பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. மாற்றவேண்டிய தேதி கணினிப் பதிவில் விட்டுப்போயிருக்கிறது. விமானம் மறைந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் என் தொழிலைச் சேர்ந்தவனுக்கு அந்த அறிக்கையில் மனதை உறுத்துகிற வரி அதுதான்.

எம்எச்17 வேறு விஷயம். 2014 ஜூலை 17, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வரும் வழியில், கிழக்கு உக்ரைன் மேலே 33,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. அங்கே 32,000 அடிக்குக் கீழேதான் வான்பரப்பை மூடியிருந்தார்கள். "சண்டை நடக்கிற இடத்துக்கு மேலே ஏன் போனான்?" என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கவேண்டியது மாஸை மட்டும் அல்ல. அன்று ஒரு நாளில் மட்டும் 160 விமானங்கள் அந்த வழியே போயின. விபத்து நேரத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் அதே வான்பகுதியில் இருந்தன. ரஷ்யத் தயாரிப்பான பூக் ஏவுகணை தாக்கியது என்று டச்சுப் பாதுகாப்பு வாரியம் 2015-இல் உறுதி செய்தது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரை, அவர்கள் நேரில் வராத நிலையிலேயே, கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவே பொறுப்பு என்றது. இதை விபத்துப் பட்டியலில் சேர்ப்பதே எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு விமான எண்களும் இப்போது இல்லை. பெய்ஜிங் போவதற்கு எம்எச்318 என்றும், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருவதற்கு எம்எச்19 என்றும் அன்றே மாற்றிவிட்டார்கள். அந்த 777 ரகத்தையும் பிறகு முழுதாகக் கைவிட்டார்கள். நிறுவனமே 2015 செப்டம்பரில் அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானாவின் கீழ் புதிய நிறுவனமாக இயங்கத் தொடங்கி, ஆறாயிரம் பேர் வேலை இழந்தார்கள். நமக்குத் தெரிந்த குடும்பங்கள் பல அதில் அடிபட்டன.

பினாங்குக்காரர்கள் மறந்துபோன விபத்து ஒன்று உண்டு. மாஸின் முதல் உயிர்ச்சேதம் பினாங்கிலிருந்து கிளம்பிய விமானத்தில்தான். 1977 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை 7.21-க்கு எம்எச்653, ஒரு போயிங் 737, பாயான் லெப்பாஸிலிருந்து சுபாங்குக்குக் கிளம்பியது. அங்கிருந்து சிங்கப்பூர் போகவேண்டியது. பத்து ஆராங் மேலே 4,000 அடிக்கு இறங்கி வந்தபோது, விமானத்தில் கடத்தல்காரன் இருப்பதாகக் கேப்டன் தெரிவித்தார். சுபாங்கில் அவசர ஏற்பாடுகள் தொடங்கின. சில நிமிடத்தில், இறங்கப் போவதில்லை, சிங்கப்பூருக்கே போகிறோம் என்று இன்னொரு செய்தி. 8.36-க்கு ஜொகூர் தஞ்சோங் குப்பாங் சதுப்பில் செங்குத்தாக வந்து விழுந்தது. இருந்த 100 பேரும் இறந்தார்கள். அப்போதைய விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமதுவும், ஜப்பானுக்கான கியூபாத் தூதரும் அதில் இருந்தார்கள். விமானிகள் இருவரையும் சுட்டபின் ஓட்ட ஆளில்லாமல் விமானம் விழுந்தது என்பது விசாரணையின் முடிவு. சுட்டது யார், எதற்காக என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. முழு உடல் என்று ஒன்றுகூடக் கிடைக்காததால் எல்லோரையும் ஜொகூர் பாருவில் ஒரே இடத்தில் அடக்கம் செய்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் உள்நாட்டு விமானம் ஏறுவது எக்ஸ்பிரஸ் பஸ் ஏறுகிற மாதிரி. விமானி அறைக் கதவும் ஒரு மெல்லிய பலகைதான். அதனால் 1977-ஐ வைத்து இன்றைய மாஸை எடைபோட முடியாது. அது அன்றைய உலகத்தின் ஓட்டை. 2001 செப்டம்பருக்குப் பிறகு எல்லா நாட்டிலும் துப்பாக்கிக் குண்டு துளைக்காத கதவு போட்டார்கள். அந்தக் கதவு உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவரிடமிருந்து காக்கும். உள்ளே இருப்பவரே தவறாக நடந்தால் என்ன செய்வது என்பதற்கு விமானத் தொழிலில் இன்னும் நல்ல பதில் கிடையாது.

இனி என் தொழிலுக்கு நெருக்கமானவை.

1983 டிசம்பர் 18, சிங்கப்பூரிலிருந்து வந்த எம்எச்684, ஸ்காண்டிநேவிய நிறுவனம் ஒன்றிடமிருந்து குத்தகைக்கு எடுத்த ஏர்பஸ் ஏ300. சுபாங்கில் நல்ல மழை. ஓடுபாதைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே மரங்களில் மோதித் தரையில் விழுந்தது. உள்ளே 247 பேர். விமானம் எரிந்து போனது, ஆனால் எரிவதற்குள் அத்தனை பேரும் வெளியேறிவிட்டார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. அதனாலேயே யாருக்கும் நினைவில்லை.

காரணம் எளிது, அதே சமயம் பயங்கரமானது. மழையிலோ மூட்டத்திலோ இறங்கும்போது ஒவ்வொரு ஓடுபாதைக்கும் ஒரு குறைந்தபட்ச உயரம் குறித்திருப்பார்கள். அந்த உயரத்துக்கு வருவதற்குள் ஓடுபாதை கண்ணில் படவேண்டும். படாவிட்டால் யோசிக்கக்கூடாது, மறுபடி மேலே போய்விட வேண்டும். அன்று ஓடுபாதை தெரியாமலே அந்த உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள்.

இதைத் தனியாகப் பார்த்தால் மாஸின் தவறு. ஆனால் சுபாங்கின் கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1977 செப்டம்பர் 27-இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஒன்று இதேபோல ஓடுபாதையைப் பார்க்காமல் இறங்கி எல்மினா தோட்டத்தில் மோதியது. 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். 1989 பிப்ரவரி 19-இல் ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு 747 பூச்சோங் அருகே குன்றில் மோதி நால்வர் இறந்தார்கள். அதில் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னதை 400 அடி என்று எடுத்துக்கொண்டார்கள். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி கத்தியும் விமானிகள் மேலே ஏற்றவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்குள் மூன்று வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள், ஒரே விமான நிலையத்துக்கு இறங்கும் வழியில், நல்ல விமானத்தை நேராகத் தரையில் கொண்டுபோய் மோதியிருக்கிறார்கள். ராசி பார்ப்பதென்றால் அன்றைய சுபாங்குக்குத்தான் பார்க்கவேண்டும். பிற்காலத்தில் மலை, குன்று எல்லாம் வரைபடமாகவே ஏற்றப்பட்ட எச்சரிக்கைக் கருவி வந்தபின் உலகம் முழுவதும் இந்த வகை விபத்து வெகுவாகக் குறைந்தது.

இடையில் ஒன்று. இந்த ஜப்பான் விமானத்தையும், 2023 ஆகஸ்டில் அதே எல்மினா பகுதியில் நெடுஞ்சாலையில் விழுந்த சிறிய தனியார் ஜெட்டையும், 2014 டிசம்பரில் ஜாவா கடலில் விழுந்த இந்தோனேசிய ஏர்ஏஷியா கியூஇசட்8501-ஐயும் பலர் மாஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் உலவும் பட்டியலில் இவையெல்லாம் கலந்து கிடக்கும். உங்கள் அத்தைக்கு வந்த பட்டியலையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

தாவாவ் விபத்து சிறியதுபோலத் தெரியும். என் கணிப்பில் மாஸ் வரலாற்றிலேயே அதிகப் பாடம் உள்ளது அதுதான். 1995 செப்டம்பர் 15, கோத்தா கினாபாலுவிலிருந்து எம்எச்2133, ஃபோக்கர் 50 ரகம், 53 பேர். பழைய தாவாவ் விமான நிலையத்தின் ஓடுபாதை குட்டையானது. அதன் இறுதிக் கோடியில் குடிசைப் பகுதி. விமானம் உயரம் குறையாமல் வந்து, பாதையின் பெரும்பகுதியைத் தாண்டிய பிறகே தரையைத் தொட்டது. மிச்சமிருந்த தூரம் நிற்கப் போதவில்லை. பாதையைத் தாண்டிக் குடிசைகளுக்குள் புகுந்து தீப்பிடித்தது. 34 பேர் இறந்தார்கள். விமானத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. மேலே போய் இன்னொரு சுற்று சுற்றி வந்திருந்தால் பத்து நிமிடத் தாமதம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட விபத்துகளைத் தடுக்க இன்று நடப்பது என்ன தெரியுமா? விமானம் ஒவ்வொரு முறை பறந்த பிறகும் அதன் தரவுகளைத் தரையில் இறக்கிப் பார்க்கிறார்கள். தரையிலிருந்து குறிப்பிட்ட உயரத்துக்கு வருவதற்குள் வேகம், இறங்கும் கோணம், சக்கரம், இறக்கை மடல் எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். அமையாமல் இறங்கியிருந்தால், விபத்தே நடக்காவிட்டாலும், விமானியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். மேலே திரும்பிப் போனதற்கு மட்டும் ஏன் போனாய் என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பாயான் லெப்பாஸில் நீங்கள் இறங்கும் நேரம் விமானம் திடீரென்று முழங்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறினால் எல்லோரும் முருகா முருகா என்பார்கள். அது விமானி முறையாக வேலை செய்கிறார் என்பதற்கு அடையாளம். தாவாவிலேயே 2001-இல் வேறு இடத்தில் நீளமான ஓடுபாதையோடு புதிய நிலையம் கட்டிப் பழையதை மூடிவிட்டார்கள்.

சாவே இல்லாத இரண்டு சம்பவங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விமானத் தொழிலில் இருப்பவர்கள் மாஸைப் பற்றிப் பேசினால் இவற்றைத்தான் பேசுவார்கள்.

2005 ஆகஸ்ட் 1, பெர்த்திலிருந்து கோலாலம்பூர் கிளம்பிய எம்எச்124, போயிங் 777. 38,000 அடி அளவில் நிதானமாகப் பறந்துகொண்டிருந்தபோது, கருவிகள் ஒரே நேரத்தில் வேகம் மிக அதிகம் என்றும் வேகம் போதாது என்றும் காட்டின. மூக்கு தானாக மேலே தூக்கி விமானம் ஏறக்குறைய 41,000 அடிக்குப் போய்விட்டது. கேப்டன் தானியங்கியைத் துண்டித்து, கையால் அடக்கி, பெர்த்துக்கே திரும்பி இறக்கினார். வேகமாற்றத்தை உணரும் கருவிகளில் ஒன்று 2001-லேயே பழுதாகி, கணினி அதை ஒதுக்கி வைத்திருந்தது. 2005-இல் இன்னொன்று பழுதானபோது, மென்பொருளில் இருந்த ஒரு பிழையால் நான்கு ஆண்டுக்கு முன் கெட்டுப்போனதன் எண்களையே நல்ல எண்கள் என்று எடுத்துக்கொண்டது. இது தயாரிப்பாளர் பக்கத்துத் தவறு. உலகம் முழுவதும் 777-களில் மென்பொருளை மாற்ற உத்தரவு போனது. பிழை வெளிப்பட்டது மாஸ் விமானத்தில், அடக்கியது மாஸ் விமானி. அது பட்டியலில் கறையா புகழா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் புகழ் பக்கம்தான் எழுதுவேன்.

இரண்டாவதில் அப்படிச் சொல்ல வழியில்லை. 2018 ஜூலை 18, பிரிஸ்பேனிலிருந்து கிளம்பிய எம்எச்134, ஏர்பஸ் ஏ330. விமானத்தின் மூக்குப் பக்கம் பிட்டோ குழாய்கள் என்று சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்றின் அழுத்தத்தை அவை அளந்தால்தான் விமானிக்கு வேகம் தெரியும். பிரிஸ்பேனில் குளவிகள் அந்தத் துளைக்குள் மண்கூடு கட்டிவிடும் என்பதால், விமானம் நிற்கும்போது உறை போட்டு மூடுவார்கள். உறையில் நீளமான சிவப்புப் பட்டை தொங்கும். கிளம்புமுன் கழற்ற வேண்டும். அன்று கழற்றவில்லை. தரைப் பணியாளர், பொறியாளர், சுற்றிப் பார்க்க வேண்டிய விமானி, யார் கண்ணிலும் படவில்லை, அல்லது பட்டும் அடுத்தவர் கழற்றுவார் என்று போய்விட்டார்கள். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது திரையில் வேகமே சரியாக வரவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இரவில், வேகம் தெரியாமல் மேலே ஏறிவிட்டார்கள். ஏர்பஸ்ஸில் இதற்கென்று உள்ள மாற்று அளவையையும் தரைக் கட்டுப்பாட்டின் உதவியையும் வைத்து, ஒரு மணி நேரம் போல வானில் இருந்துவிட்டுப் பத்திரமாக இறக்கினார்கள். மேலே போனபின் அவர்கள் செய்ததெல்லாம் சரி. தரையில்தான் வரிசையாகத் தவறுகள்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2022 அறிக்கை தனி ஆள்களைவிட ஏற்பாட்டைத்தான் அதிகம் குறை சொன்னது. பிரிஸ்பேனுக்கு மறுபடி பறக்கத் தொடங்கிய சமயம் அது. பராமரிப்பு வேலையை உள்ளூர் ஒப்பந்தக்காரர்களிடம் விட்டிருந்தார்கள். யார் எதைச் செய்வது என்பது எழுத்தில் தெளிவாக இல்லை. இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியது இந்த மாதிரி இரவுகளைத்தான் என்பது என் கருத்து. ஏவுகணை வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலே போகலாம். கழற்றாத உறை எந்த ஊரிலும் எந்த இரவிலும் நடக்கக்கூடியது.

அதே கோணத்தில் பார்த்தால் 2024 ஆகஸ்ட் முக்கியமான மாதம். அடுத்தடுத்து விமானங்கள் பழுதாகித் திரும்பி வந்தன, தாமதங்கள் குவிந்தன. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தணிக்கை செய்து, திறமையான தொழிலாளர் பற்றாக்குறையையும் உதிரிபாகப் பிரச்சினையையும் சுட்டிக்காட்டியது. மூன்றாண்டுக்குத் தரும் இயக்கச் சான்றிதழை ஓராண்டாகக் குறைத்தது. நிறுவனம் அந்த ஆண்டு இறுதிவரை விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஓட்டியது. பயணிகள் திட்டினார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. ஆள் போதாதபோது குறைத்து ஓட்டுவதும், அப்படி ஓட்டு என்று சொல்ல மேலே ஒருவர் இருப்பதும் ஒழுங்கு இருப்பதற்கு அடையாளம். அந்த மேலிருப்பவரும் சோதனைக்கு உட்பட்டவர்தான். 2019 நவம்பரில் அமெரிக்கா தன் விமானப் பாதுகாப்பு மதிப்பீட்டில் நம் நாட்டு ஆணையத்தையே இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. 2022 அக்டோபரில்தான் முதல் தரத்துக்குத் திரும்பினோம்.

இந்தியா போகும் வழியில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது அத்தையிடம் சொல்லிவிடப் போகிறார்கள். 2014 ஏப்ரலில், எம்எச்370 மறைந்து ஆறு வாரம் ஆகியிருந்த சமயம், பெங்களூர் கிளம்பிய எம்எச்192-இன் டயர் ஒன்று ஓடுபாதையில் வெடித்தது. வலப்பக்கச் சக்கரத் தொகுதி இறங்க மறுத்தது. எரிபொருள் குறையும்வரை வானில் சுற்றிவிட்டு, பின்னிரவு இரண்டு மணிக்குச் சற்று முன் கேஎல்ஐஏவில் ஒரு பக்கம் சாய்ந்தபடி இறக்கினார்கள். இருந்த 166 பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மீதி இருப்பது விநோதமான ஒன்று. 2000 மார்ச் 15-இல் பெய்ஜிங்கிலிருந்து வந்த ஏ330 ஒன்று கேஎல்ஐஏவில் பத்திரமாக இறங்கியது. சரக்கை இறக்கும்போது கலன்களிலிருந்து ஏதோ கசிந்து ஐந்து தொழிலாளர்கள் மயங்கினார்கள். அனுப்பியவர்கள் தாளில் எழுதியிருந்தது ஆபத்தில்லாத ஒரு தூளின் பெயர். உள்ளே இருந்தது ஆக்ஸாலில் குளோரைடு. ஈரம் பட்டால் அமிலமாகும் நச்சு. அது விமானத்தின் உடலை அரித்துவிட்டது. பழுதுபார்க்க முடியாது என்று, ஐந்தாண்டு ஓடிய விமானத்தை அப்படியே கழித்துக் கட்டினார்கள். அனுப்பிய சீன நிறுவனம் 6.5 கோடி அமெரிக்க டாலர் கட்ட வேண்டும் என்று 2007-இல் பெய்ஜிங் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கசிவு சில மணி நேரம் முன்னால், நடுவானில் தொடங்கியிருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

அத்தையிடம் நீங்கள் வற்புறுத்த வேண்டியது இந்த விஷயத்தில்தான். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது பயணி கையில் உள்ள பொறுப்பு. இப்போதைய பெரிய கவலை பவர் பேங்க். 2025 ஏப்ரல் முதல் மாஸ் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடவோ, அதை மேலே உள்ள பெட்டித் தட்டில் வைக்கவோ அனுமதி கிடையாது. இருக்கைக்கு அடியிலோ முன்சீட்டுப் பையிலோ கண்ணில் படும்படி வைக்க வேண்டும். சேலைகளுக்கு நடுவே சுருட்டி, பெரிய பெட்டியில் போட்டு, பாயான் லெப்பாஸ் கவுண்டரில் அனுப்பிவிடப் போகிறார். கிளம்பும் முன் பெட்டியை நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.